சிதறும் தூளும் சில துளி நீரும்

காலையில் காப்பியின் மணம் எழாத வீட்டில் பொழுது முழுமையாக விடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுவதில்லை. கடைகளில் காப்பித்தூள் பொட்டலமாகவும் டப்பாவாகவும் கிடைக்கிறது. வெந்நீரை ஊற்றிய நொடியில் கரைந்துவிடும் தூளும் கிடைக்கிறது. ஆயினும், வறுத்த கொட்டையை வாங்கி வந்து, வேண்டும்போது வேண்டிய அளவு வீட்டிலேயே அரைத்துக் குடிப்போர் இன்றும் உள்ளனர். அவர்களை வீண் வேலை செய்வோர் என்று எள்ளிவிட முடியாது. கொட்டையாக இருக்கும்வரை காப்பியின் மணம் பெரும்பாலும் அதனுள் அடைபட்டுக் கிடக்கிறது. அரைத்தவுடன் ஒரு கொட்டை எண்ணற்ற துகள்களாகிறது. காற்றுப்படும் பரப்பு பன்மடங்காகப் பெருகுகிறது. மணப்பொருள்கள் விரைந்து வெளியேறத் தொடங்குகின்றன. ஆகவே, அரைத்த கையோடு வடித்துக் குடிக்கும் காப்பிக்குத் தனிச்சுவை உண்டு என்பது வெறும் கற்பனையன்று.

ஆனால் அந்தச் சுவைக்கு ஒரு விலை உண்டு. இயந்திரத்தின் வாயிலிருந்து இறங்கும் தூள் கிண்ணத்தில் மட்டும் விழுவதில்லை. கிண்ணத்தின் உட்சுவரில் ஏறி ஒட்டிக்கொள்கிறது. மூடியைத் திறந்தால் துள்ளி வெளியே பாய்கிறது. மேசையின்மீது மெல்லிய பழுப்புப் படலமாகப் பரவுகிறது. கொட்டையின் நடுக்கோட்டில் ஒட்டியிருந்த சவ்வுத்தோல் பொடிப்பொடியாகி, இறகுபோல் மிதந்து, கழுவி வைத்த தட்டுகளின்மேல் அமர்கிறது. கையால் தட்டினால் கையில் ஒட்டுகிறது. ஈரத்துணியால் துடைத்தால் துணியில் கறையாகிறது. உப்பையும் சர்க்கரையையும் கொட்டினால் கொட்டிய இடத்திலேயே கிடக்கின்றன. காப்பித்தூளுக்கு மட்டும் ஏன் இந்த அடங்காமை?

இது சிறிய கேள்வி. ஆனால் சிறிய கேள்விகள் சில வேளைகளில் பெரிய மனவருத்தங்களின் அடியில் மறைந்து கிடக்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மகனோடு வாழ்ந்துவரும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் வாழ்வில் அப்படித்தான் நேர்ந்தது.

அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்மொழியும் அறிவியலும் கற்பித்தவர். அவருடைய மனைவி மறைந்து ஈராண்டுகள் ஆகின்றன. அந்த அம்மையார் இருந்தவரை, விடியற்காலை ஐந்தரை மணிக்குக் காப்பி அரைக்கும் ஒலிதான் அந்த வீட்டின் திருப்பள்ளியெழுச்சி. ஆசிரியர் ஓய்வு பெற்றபோது மகன் வாங்கிக் கொடுத்த மின்னியந்திரம் அது. அம்மையார் கொட்டையை அளந்து போடுவார், அரைப்பார், துணிப்பையில் இட்டு வடிப்பார். ஆசிரியர் செய்தித்தாளை விரிப்பதற்குள் ஆவி பறக்கும் குவளை அவர் பக்கத்தில் வந்து நிற்கும். மனைவி மறைந்த பின்னர் அந்த வேலையை ஆசிரியர் தாமே ஏற்றுக்கொண்டார். வேறு எந்த வேலையை யார் செய்தாலும் அவருக்கு மறுப்பில்லை. இந்த ஒன்றை மட்டும் பிறரிடம் விட அவருக்கு மனம் வரவில்லை.

அன்று முதல் தொல்லையும் தொடங்கியது. அம்மையார் அரைத்த காலத்தில் மேசையில் தூளின் சுவடே இருந்ததில்லை. அதே இயந்திரம், அதே கடையில் வாங்கிய கொட்டை, அதே மேசை; ஆனால் ஆசிரியர் அரைத்தால் மட்டும் எங்கும் தூள். அந்த வீட்டில் கூடத்திற்கும் சமையலிடத்திற்கும் இடையே சுவர் இல்லை. இரவு முழுதும் கூடத்தில் குளிர்சாதனம் இயங்கும். அதன் காற்றில் தூள் மேலும் பரவும். 'பெண்களின் கைக்குப் பழகிய வேலை; என் கை முரட்டுக் கை' என்று ஆசிரியர் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மருமகள் ஏழு மணிக்கு வேலைக்குப் புறப்பட வேண்டியவர். புறப்படுமுன் பிள்ளையின் உணவுப் பெட்டியை நிரப்ப வேண்டும். அந்த அவசரத்தில், முதல்நாள் இரவு துடைத்து வைத்த மேசையை மறுபடியும் துடைக்க நேர்ந்தால் யாருக்குத்தான் முகம் சுளிக்காது? முதலில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "மாமா, கொஞ்சம் பார்த்து அரைக்கக் கூடாதா?" என்றார். ஆசிரியர் பார்த்துத்தான் அரைத்தார். கிண்ணத்தை இயந்திரத்தின் வாயோடு அணைத்துப் பிடித்தார். அடியில் பழைய செய்தித்தாளை விரித்தார். தூள் செய்தித்தாளையும் தாண்டியது. வேண்டுமென்றே செய்வதுபோல் மருமகளுக்குத் தோன்றியது. வேண்டுமென்றே குறை காண்பதுபோல் ஆசிரியருக்குத் தோன்றியது. இருவரும் நல்லவர்கள், ஆனால் இருவருக்குமிடையே நாள்தோறும் ஒரு கரண்டித் தூள் சிதறிக்கொண்டே இருந்தது.

ஒரு சனிக்கிழமை மகன் தயங்கித் தயங்கிப் பேசினான். "அப்பா, இனிமேல் பொடியாகவே வாங்கிக்கொள்ளலாமே. உங்களுக்கும் சிரமம் இல்லை" என்றான். ஆசிரியர் மறுமொழி கூறவில்லை. அன்று மாலையே இயந்திரத்தைத் துடைத்து, அது வந்த பெட்டியிலேயே இட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். மறுநாள் பொட்டலத் தூளில் காப்பி கலந்தார்கள். குறை சொல்லக்கூடிய காப்பியன்று அது. ஆயினும் ஆசிரியர் பாதிக் குவளையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். ஐந்தரை மணிக்கு வீட்டில் ஒலி இல்லை என்பதே அவரை வாட்டியது. அந்த ஒலியோடு மனைவியும் இரண்டாம் முறை போய்விட்டதுபோல் அவருக்கு இருந்தது.

வீட்டில் ஐந்தாம் ஆண்டு பயிலும் பேத்தி ஒருத்தி உண்டு. அவளுக்குப் பள்ளியில் ஓர் அறிவியல் செய்முறையைக் காட்டி விளக்க வேண்டியிருந்தது. என்ன செய்யலாம் என்று தாத்தாவைக் கேட்டாள். ஆசிரியர் சீப்பை எடுத்து உலர்ந்த தலைமுடியில் பலமுறை வாரினார். பின்னர் அதைத் தாள் துணுக்குகளின் அருகே கொண்டு சென்றார். துணுக்குகள் தாவி வந்து சீப்பில் ஒட்டிக்கொண்டன. எத்தனையோ ஆண்டுகள் வகுப்பறையில் செய்து காட்டியதுதான். "இதற்குப் பெயர் நிலைமின்சாரம்" என்றார். பேத்தி சற்று நேரம் அந்தத் துணுக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தாத்தா, நீங்கள் அரைக்கும் காப்பித்தூளும் இப்படித்தானே கிண்ணத்தில் ஏறி ஒட்டும்?" என்று கேட்டாள்.

ஆசிரியர் திகைத்துப் போனார். கரும்பலகையில் அந்தச் சொல்லை அவர் எத்தனை முறை எழுதியிருப்பார்! அதன் இலக்கணத்தையும் எடுத்துக்காட்டையும் எத்தனை தாள்களில் திருத்தியிருப்பார்! ஈராண்டுகளாக நாள்தோறும் தம் கைமேல் அது நிகழ்ந்தபோது அவருக்குத் தோன்றவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழியைப் பிறருக்குச் சொல்வது எளிது; அந்தச் சுரைக்காய் தம் கையிலேயே இருப்பதைக் காண்பது அரிது.

பேத்தி விடவில்லை. "இதை எப்படிப் போக்குவது?" என்று கேட்டாள். ஆசிரியருக்குத் தம் வகுப்பறை நினைவுக்கு வந்தது. மழை பெய்யும் நாளில் சீப்புச் சோதனை பலிக்காது. மாணவர்கள் எவ்வளவுதான் வாரினாலும் தாள் துணுக்கு அசையாது. காற்றில் உள்ள ஈரம் பொருளின் மேற்பரப்பில் மென்படலமாகப் படிந்து, மின்னூட்டம் கசிந்து போக வழிசெய்துவிடும் என்று அவர் விளக்குவது வழக்கம். அதையே இப்போதும் சொன்னார்: "ஈரம் இருந்தால் நிலைமின்சாரம் தங்காதம்மா."

"அப்படியானால் கொட்டையில் தண்ணீர் தெளிக்க வேண்டியதுதானே? பாட்டி அப்படித்தானே செய்வார்?"

அந்தச் சொல் ஆசிரியரின் நெஞ்சில் சென்று தைத்தது.

அம்மையாருக்கு அந்தப் பழக்கம் இருந்தது உண்மையே. அரைக்கும் முன்பு விரல் நுனிகளை நீரில் நனைத்து, கொட்டையின்மேல் ஒருமுறை உதறி, கையால் கிளறிவிட்டுத்தான் இயந்திரத்தில் போடுவார். அவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். மலாயாவில் ரப்பர் பரவுவதற்கு முன்பே காப்பி பயிராயிற்று என்பதும், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் பலர் காப்பித் தோட்டங்களில் உழைத்தனர் என்பதும் வரலாறு. பிரேசில் நாட்டின் பெருவிளைச்சலால் காப்பியின் விலை சரிந்தபின் தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. ஆனால் லயத்து வீடுகளின் பின்புறத்தில் ஓரிரு காப்பி மரங்கள் நிற்பது அதன் பின்னரும் நீடித்தது. அம்மையாரின் வீட்டுப் பின்புறத்திலும் அப்படி ஒரு மரம் நின்றது. அவருடைய தாயார் அதன் பழத்தைப் பறித்து, உலர்த்தி, தோல் நீக்கி, இரும்புச் சட்டியில் கருக வறுத்து, உரலில் இட்டு இடிப்பார். இடிக்கும் முன் கையளவு நீரைத் தெளிப்பார். வாசலைப் பெருக்கும் முன் நீர் தெளிப்பதைப் போன்றதே அதுவும். தெளித்தால் புழுதி எழாது; தெளித்தால் தூள் பறக்காது. தாயின் கை செய்ததை மகளின் கையும் செய்தது. உரல் போய் மின்னியந்திரம் வந்த பிறகும் கை மறக்கவில்லை.

ஆசிரியருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "உலர்ந்த பொருளை அரைக்கும்போது யாராவது தண்ணீர் விடுவார்களா? உள்ளே இருக்கும் எஃகுப் பற்கள் துருப்பிடிக்கும், தூள் பூசணம் பிடிக்கும்" என்று கண்டித்தார். "பழக்கமாகிவிட்டதுங்க" என்று அம்மையார் சிரித்து ஒதுங்கினார். ஒருமுறை உறவினர் நால்வர் இருந்தபோது, "அறிவியல் ஆசிரியர் வீட்டில் இப்படி ஒரு மூடப்பழக்கம்!" என்று ஆசிரியர் நகைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மையார் சிரிக்கவில்லை. அதன் பிறகு அவர் நீர் தெளிப்பதை ஆசிரியர் பார்த்ததில்லை. நிறுத்திவிட்டார் என்றே எண்ணியிருந்தார்.

"நிறுத்தவில்லையே, தாத்தா" என்றாள் பேத்தி. "நீங்கள் பேப்பர் படிக்கும்போது பாட்டி திரும்பி நின்றுகொண்டு தெளிப்பார். நான்தான் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பேன். தாத்தாவிடம் சொல்லாதே என்பார்."

எத்தனை ஆண்டுகள்! தம் வீட்டில், தம் கணவருக்காகச் செய்யும் நல்ல வேலையை, அந்த அம்மையார் முதுகைத் திருப்பிக்கொண்டு செய்ய வேண்டியிருந்தது. மேசை துப்புரவாக இருந்ததற்குக் காரணம் பழகிய கை என்று எண்ணியவருக்கு, அந்தக் கையில் இருந்த ஈரம் தெரியவில்லை.

அம்மையார் செய்ததன் காரணத்தைச் சற்று விளங்கிக்கொள்வது நலம். இரு பொருள்கள் தொட்டு உராய்ந்து பிரியும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மின்னூட்டம் இடம் மாறுகிறது. ஒன்று நேர்மின்னூட்டம் பெற்றால் மற்றது எதிர்மின்னூட்டம் பெறும். அம்பர் என்னும் பழம்பிசினைத் தேய்த்தால் இலேசான பொருள்களை அது ஈர்ப்பதைப் பண்டைக் கிரேக்கர் கண்டிருந்தனர். அம்பருக்கு அவர்கள் வழங்கிய பெயரே பிற்காலத்தில் எலெக்ட்ரான் என்னும் சொல்லுக்கு மூலமாயிற்று. 1600ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் வில்லியம் கில்பர்ட், அம்பர் மட்டுமன்றிக் கண்ணாடி, கந்தகம் முதலிய பல பொருள்களுக்கும் இவ்வியல்பு உண்டு என்று தம் நூலில் விளக்கினார். உலோகத்தில் மின்னூட்டம் எளிதில் ஓடிவிடும். காப்பித்தூளோ மின்னைக் கடத்தாத பொருள். அதில் ஏறிய மின்னூட்டம் ஓட வழியின்றி அங்கேயே நிலைத்து நிற்கும். நிலைமின்சாரம் என்னும் பெயர் அதனால்தான் பொருத்தமாகிறது.

கொட்டை அரைபடும்போது மின்னூட்டம் இரு வழிகளில் பிறக்கிறது. கொட்டை அரைக்கும் பற்களோடும், துகள் துகளோடும் உராய்வது ஒரு வழி. கொட்டை உடைந்து பிளவுபடும்போதே பிளந்த பரப்புகளில் மின்னூட்டம் தோன்றுவது மற்றொரு வழி. ஒரே வகை மின்னூட்டம் பெற்ற துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. அதனால் தூள் பறக்கிறது. மின்னூட்டம் பெற்ற துகளைக் கிண்ணத்தின் சுவர் ஈர்க்கிறது. அதனால் தூள் ஒட்டுகிறது. வேறுபட்ட மின்னூட்டம் பெற்ற துகள்கள் தம்முள் சேர்ந்துகொள்கின்றன. அதனால் தூள் சிறு கட்டிகளாகத் திரள்கிறது. பறப்பதும் ஒட்டுவதும் திரள்வதும் ஒரே காரணத்தின் மூன்று விளைவுகள்.

இதை அண்மையில் ஆராய்ந்தவர்களுள் எரிமலை அறிஞர்களும் இருந்தனர் என்பது வியப்பாகத் தோன்றலாம். எரிமலை வெடிக்கும்போது பாறை நொறுங்கித் துகளாகிறது. துகள்கள் உராய்ந்து மின்னூட்டம் பெறுகின்றன. சாம்பல் மேகத்தில் மின்னல் வெட்டுகிறது. 1883ஆம் ஆண்டு சுந்தா நீரிணையில் கிரக்கத்தோவா வெடித்தபோது அப்பகுதியில் சென்ற கப்பல்களில் இருந்தோர் அத்தகைய மின்னலைக் கண்டு பதிவு செய்தனர். சாம்பல் மேகத்தில் பெரிதாக நிகழ்வதே காப்பி இயந்திரத்தில் சிறிதாக நிகழ்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக வேதியியலாளர் கிறிஸ்டோபர் ஹெண்டனும், எரிமலை ஆய்வாளர் ஜோஷுவா மெண்டெஸ் ஹார்ப்பரும் பிறரும் செய்த ஆய்வு 2023ஆம் ஆண்டு டிசம்பரில் 'மேட்டர்' என்னும் ஆய்விதழில் வெளியாயிற்று. கொட்டை எந்த நாட்டில் விளைந்தது என்பதைவிட, எவ்வளவு வறுக்கப்பட்டது, அதனுள் எவ்வளவு ஈரம் எஞ்சியுள்ளது, எவ்வளவு நுண்ணியதாக அரைக்கப்படுகிறது என்பவையே மின்னூட்டத்தைத் தீர்மானிக்கின்றன என்று அவர்கள் கண்டனர். கருக வறுத்த கொட்டையில் ஈரம் குறைவு. ஆகவே எதிர்மின்னூட்டம் மிகுதி. இளவறுப்பில் ஈரம் சற்று அதிகம். அது நேர்மின்னூட்டத்தின் பக்கம் சாய்கிறது. நுண்ணியதாக அரைக்க அரைக்க மின்னூட்டம் பெருகுகிறது. அரைக்கும் முன் சிறிதளவு நீர் சேர்த்தால் மின்னூட்டம் பெரிதும் அடங்குகிறது. அப்படி அரைத்த தூளில் அழுத்தமுறையில் வடித்த காப்பி கூடுதல் அடர்த்தியுடன் இறங்கியது என்பதும் அவர்கள் கண்ட முடிவு.

மலேசியாவின் காற்றில் ஈரம் மிகுதி. பொதுவாக அது 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். அப்படியிருந்தும் ஆசிரியர் வீட்டில் தூள் பறந்தது ஏன்? குளிர்சாதனம் அறையைக் குளிர்விப்பதோடு காற்றின் ஈரத்தையும் பிழிந்து வெளியேற்றுகிறது. குழாய் வழியே சொட்டிக்கொண்டிருக்கும் நீர் அதற்குச் சான்று. இரவெல்லாம் உலர்ந்த காற்று, கருக வறுத்த கொட்டை, விரைவாகச் சுழலும் இயந்திரம், நெகிழியால் ஆன கிண்ணம் ஆகிய நான்கும் சேர்ந்தால் தூள் அடங்கி இருக்குமா?

காரணம் தெரிந்தபின் கையாளும் முறை கடினமன்று. இருவர் குடிக்கும் அளவான 20 கிராம் கொட்டைக்குச் சில துளி நீர் போதும். அரை மில்லிலிட்டரைத் தாண்ட வேண்டியதில்லை. கரண்டியின் காம்பை நனைத்துக் கொட்டையைக் கிளறலாம். விரல் நுனியால் உதறலாம். சிறு தெளிப்புக் குப்பியால் ஒருமுறை தெளிக்கலாம். நனைத்த கொட்டையைக் காத்திருக்க வைக்காமல் உடனே அரைத்துவிட வேண்டும். அரைத்து முடிந்ததும் மூடியைத் திறக்காமல் அரை நிமிடம் பொறுத்தால், எஞ்சிய மின்னூட்டத்தில் ஒரு பகுதி தானே தணியும். நெகிழிக் கிண்ணத்தைவிட எவர்சில்வர் கிண்ணத்தில் தூள் குறைவாகவே ஒட்டும். கிண்ணத்தைத் தூக்குமுன் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினால் சுவரில் உள்ளது கீழே இறங்கும். இயந்திரத்தின் வாயில் தங்கிய தூளைச் சிறு தூரிகையால் தள்ளிவிட வேண்டும். இல்லாவிடில் நேற்றைய பழந்தூள் இன்றைய காப்பியில் கலந்து அதன் சுவையைக் கெடுக்கும்.

ஆசிரியர் அன்று சொன்ன எச்சரிக்கையும் முற்றிலும் பிழையன்று. நீரை மிகுதியாக விட்டால் தூள் பசையாகிப் பற்களில் அப்பிக்கொள்ளும், எஃகும் கெடும். பல நாளுக்குச் சேர்த்து அரைத்து வைக்கும் தூளுக்கு ஈரம் ஆகாது. அப்போதைக்கு வேண்டியதை மட்டும் அப்போதே அரைப்பவருக்கே இம்முறை பொருந்தும். அம்மையார் அப்படித்தான் அரைத்தார். அவருடைய விரல் நுனியில் நின்ற நீரும் சில துளிகளுக்கு மேற்பட்டதன்று. அளவு தெரியாமல் கண்டித்தவர் ஆசிரியர். அளவு தெரிந்து செய்தவர் அம்மையார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அலமாரியின் மேல்தட்டிலிருந்த பெட்டியை ஆசிரியர் இறக்கினார். மருமகள் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தி சமையலறைத் தராசைக் கொண்டுவந்தாள். முதலில் 20 கிராம் கொட்டையை உலர்ந்தபடியே அரைத்தார்கள். தூள் வழக்கம்போல் சுவரேறியது, மேசையில் சிதறியது, கிண்ணத்தில் இருந்ததை நிறுத்தபோது ஒரு கிராமுக்கு மேல் குறைந்தது. மேசையைத் துடைத்துவிட்டு, மீண்டும் 20 கிராம் எடுத்தார்கள். ஆசிரியர் விரல்களை நீரில் நனைத்தார். ஒரு கணம் அவர் கை தயங்கி நின்றது. பிறகு உதறினார். கிளறினார். அரைத்தார். மூடியைத் திறந்தபோது தூள் சிறு குன்றுபோல் கிண்ணத்தின் நடுவே அமைதியாக அமர்ந்திருந்தது. சுவரில் ஒட்டியது மிகச் சிறிது. மேசை துடைத்தது துடைத்தபடியே இருந்தது.

"இவ்வளவுதானா, மாமா!" என்றார் மருமகள்.

"இவ்வளவுதான்" என்றார் ஆசிரியர். "உன் அத்தைக்குத் தெரிந்திருந்தது. நான்தான் கேட்கவில்லை."

மருமகள் சற்று நேரம் பேசாமல் நின்றார். "நானும்தான் உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன், மாமா" என்றார். அன்றைய காப்பியை அவரே வடித்துக் கொடுத்தார். ஆசிரியரின் குவளையில் மிச்சம் இருக்கவில்லை.

இந்த நிகழ்ச்சியைக் கொண்டு, பாட்டிமார் செய்தவை எல்லாம் அறிவியலே என்று முழங்கிவிடுவது பொருந்தாது. அம்மையாருக்கு மின்னூட்டம் என்னும் சொல் தெரியாது. நேர் எது, எதிர் எது என்பதும் தெரியாது. நீரின் கனத்தால் தூள் அடங்குகிறது என்றே அவரும் அவருடைய தாயாரும் எண்ணியிருக்கக்கூடும். அவர்களிடம் இருந்தது விளக்கமன்று, கூர்ந்த கவனிப்பு. செய்து பார்த்து, பலன் கண்டு, விடாமல் கைக்கொண்ட கவனிப்பு. விளக்கம் ஆசிரியரிடம் இருந்தது. ஆனால் அது புத்தகத்தோடு நின்றுவிட்டது. ஒருவரிடம் செயலும் மற்றவரிடம் காரணமும் இருந்த அந்த வீட்டில், இரண்டும் ஒருமுறை அமர்ந்து பேசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! திருக்குறளின் அறிவுடைமை அதிகாரத்தை எத்தனையோ வகுப்புகளுக்கு நடத்திய ஆசிரியர், சொல்வது யார் என்று பார்த்தாரே தவிர, சொல்லப்படுவதன் உண்மையைப் பார்க்கவில்லை.

கற்பிப்போர் அனைவரும் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது. 'இப்படிச் செய்தால் நன்றாக வருகிறது' என்று ஒரு மாணவனோ, ஓர் இல்லத்தரசியோ, ஒரு தொழிலாளியோ சொல்லும்போது, காரணம் கூறத் தெரியாத அவரைப் பார்த்து நகைப்பது எளிது. 'எங்கே, செய்து பார்ப்போம்' என்று சொல்வதே அறிவியல். அதற்கு ஆகும் செலவு 20 கிராம் கொட்டையும் சில துளி நீருமே. நகைத்ததற்கு ஆன செலவோ, ஒரு நல்ல மனம் பல ஆண்டுகள் முதுகு திருப்பி நின்றது. முன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பின்னதற்குக் கடை இல்லை.

இப்போது அந்த வீட்டில் மீண்டும் ஐந்தரை மணிக்கு இயந்திரம் ஒலிக்கிறது. அதன் அருகே நீர் நிறைந்த சிறு கிண்ணம் ஒன்று எப்போதும் இருக்கிறது; அதை நாள்தோறும் நிரப்பி வைப்பது பேத்தியின் வேலை. ஆசிரியர் விரல் நுனிகளை அதில் நனைத்து, எல்லாரும் காணுமாறு, கொட்டையின்மேல் உதறுகிறார்.